“எதுவரைக்கும் கர்த்தாவே?” – கஷ்டகால ஜெபம் பற்றிய கேள்வி பதில்

ஜெபத்தைப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: இவ்வளவு பட்ட பிறகும் தேவனை எப்படி நம்புவது? நான் போதகர் அல்ல. இருபது வருடமாக வேதபாட வகுப்பு எடுக்கிறவள். அதில் மூன்று வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் மற்றவர்களுக்குச் சொன்னதையெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்தேன். சில பதில்கள் அங்கே நிற்கவில்லை. நின்றதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ஜெபத்தில் உட்கார்ந்தாலே கோபம்தான் வருகிறது. “ஏன் எனக்கு இப்படிச் செய்தீர்?” என்று ஒருநாள் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அதிலிருந்து பயமாக இருக்கிறது. இது முறுமுறுப்பு இல்லையா?

இல்லை தம்பி. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். அவர்கள் தேவனிடம் பேசவில்லை. மோசேயிடம் சண்டை போட்டார்கள், கூடாரத்துக்குள் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டார்கள், “எகிப்துக்கே திரும்பிப் போவோம்” என்று முடிவுக்கு வந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுவது முறுமுறுப்பு. முகத்துக்கு நேரே பேசுவதற்கு வேதத்தில் வேறு பெயர் இருக்கிறது: சங்கீதம்.

மிகைப்படுத்தவில்லை. 150 சங்கீதங்களில் புலம்பலும் முறையீடுமாக இருப்பவை ஏராளம். அவற்றில் 88-ஆம் சங்கீதம் ஒரு தனி ரகம். மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதே இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல் “இருள்”. அதோடு முடிந்துவிடுகிறது. இப்படி ஒரு பாட்டை ஆராதனைப் புத்தகத்தில் எதற்கு வைத்தார்கள் என்று எனக்கும் பல நாள் புரியவில்லை. ஆனால் முதல் வசனத்தைப் பாருங்கள்: “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே.” இருளில் முடிக்கிறவன் யாரிடம் பேசுகிறோம் என்பதை மறக்கவில்லை. நீங்களும் “ஏன்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்கவில்லையே, அவரிடம்தானே கேட்டீர்கள்? கேளுங்கள். நாளைக்கும் கேளுங்கள்.

கேள்வி: சிஸ்டர், ஆறு வருடமாகக் குழந்தைக்காக ஜெபிக்கிறோம். “விசுவாசம் குறைவு, அதனால்தான்” என்று ஜெபக்குழுவிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். உண்மையா?

சொன்னவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் தன் சரீரத்தில் ‘முள்’ என்று சொன்ன உபத்திரவம் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார்; நீங்கவில்லை. “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று அந்தச் சகோதரர் சொல்வாரா? இன்னொரு பக்கம், மாற்கு 9-இல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று பாதியும் பாதியுமாகத்தான் கேட்டான். அவன் பிள்ளை சுகமானான். விசுவாசத்தை அளந்து அதற்கேற்றபடி கொடுக்கிற கணக்கு அங்கே இல்லை.

பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்த அன்னாளைப் பற்றி உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள், சாமுவேல் பிறந்ததைப் பிடித்துக்கொண்டு. நான் வேறு ஒரு வரியைக் காட்டுகிறேன். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வெளியே வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி, குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். (மனம் உடைந்தவளைத் தேவ சமுகத்திலேயே தப்பாகப் புரிந்துகொள்வது அன்றைக்கே இருந்திருக்கிறது.) “என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்” என்கிறாள் அவள். பிறகு போய்ச் சாப்பிடுகிறாள். அப்புறம் துக்கமுகமாய் இருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள் கையில் பிள்ளை இல்லை. வயிற்றிலும் இல்லை. கிடைத்ததெல்லாம் தப்பாக நினைத்த அதே ஏலியின் வாயிலிருந்து “சமாதானத்துடனே போ” என்ற ஓர் ஆசீர்வாதம்.

அதே சகோதரி மறுபடியும்: சரி சிஸ்டர். ஆனாலும் அன்னாளுக்குக் கடைசியில் கிடைத்தது. கிடைக்காமலே போகிறவர்களுக்கு?

நியாயமான கேள்வி. இதற்கு அழகான பதில் என்னிடம் இல்லை. இருப்பதுபோல் காட்டிக்கொள்ளவும் மாட்டேன். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இயேசு “இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கும்படி” என்று கேட்டார்; வரப்போகிற பாடுகளைத்தான் பாத்திரம் என்றார். ஒருதரம் அல்ல, மூன்றுதரம், அதே வார்த்தைகளில். பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே ‘இல்லை’ என்ற பதிலோடு எழுந்து போகிறவர்களின் வரிசையில் முன்னால் நிற்பது அவரேதான். என் அம்மாவும் சுகமாகவில்லை. அந்த நாட்களில் விளக்கம் எதுவும் எனக்கு உதவவில்லை. இந்த வரிசையில் அவரும் நிற்கிறார் என்பது உதவியது.

கேள்வி: எரேமியா 29:11 என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வேலை போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த வசனத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அக்கா.

கழற்ற வேண்டாம். பக்கத்தில் 10-ஆம் வசனத்தையும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் சுவரிலிருக்கிற “சமாதானத்துக்கேதுவான நினைவுகள்” என்ற வசனம் பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய நிருபத்தில் வருகிறது. அதற்கு முந்தின வரியில் இருப்பது எழுபது வருடம். வாசித்தவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பும் நாளைப் பார்க்கவே போவதில்லை.

அதற்கு முந்தின அதிகாரம் இன்னும் சுவாரசியம். அனனியா என்ற தீர்க்கதரிசி, எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்து, “இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும்” என்று ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னான். கூட்டத்துக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அனனியா சொன்னது பொய். எரேமியா சொன்னதோ கசப்பானது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். காத்திருக்கிற காலத்திலும் வாழ்ந்துகொண்டிருங்கள் என்பதுதான் அந்த நிருபத்தின் சாரம். விண்ணப்பம் போடுங்கள், கிடைத்த சின்ன வேலையைச் செய்யுங்கள், வெட்கப்பட்டுக்கொண்டு சபைக்கு வராமல் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாரோ செய்த பாவத்தால்தான் இந்த வியாதி என்கிறார்கள்.

யோவான் 9-இல் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டிச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். இயேசு “இல்லை” என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று லூக்கா 13-இல் அவரே கேட்டு, அதற்கும் “அப்படியல்ல” என்றார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கேள்வி: அக்கா, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன். காலைத் தியானம் அடியோடு நின்றுபோயிற்று. வேதத்தைத் திறந்தாலும் எழுத்து ஓடுகிறது. குற்ற உணர்வாக இருக்கிறது.

இதைத்தான் நானும் பட்டேன். மூன்று அதிகாரம், அரைமணி ஜெபம் என்று பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் தோற்றேன். பிறகு அட்டவணையை விட்டுவிட்டு ஒரே ஒரு சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டேன். இரவு இரண்டு மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்திருக்க வேண்டும். புரட்டி, தண்ணீர் கொடுத்து, அவர் கண் மூடும்வரை அந்த விளக்கிலேயே 13-ஆம் சங்கீதம். சில நாள் இரண்டாம் வசனம் தாண்டுவதற்குள் நானே தூங்கிவிடுவேன். வாசித்த தேதியைப் பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். ஓரம் நிறைந்துபோய், தேதிகள் அடுத்த சங்கீதத்தின் பக்கவாட்டிலும் இறங்கியிருக்கின்றன. ஒரு தேதியின்மேல் மருந்துக் கறை. அந்த மாதங்களில் எனக்கு ஓர் உணர்வும் வரவில்லை. இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான், அன்றைக்கு ஜெபித்திருக்கிறேன் என்றே தெரிகிறது.

முடிந்தால் யாரையாவது வாரத்தில் ஒருநாள் வந்து உங்களுக்குப் பக்கத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் போதும்.

கேள்வி: பெயர் வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை. தூக்கம் இல்லை. மருத்துவரிடம் போனால் விசுவாசம் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. போங்கள். சாக வேண்டும் என்ற நினைவு வருமானால், இன்றைக்கே, இதை வாசித்து முடித்தவுடன், உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரவில் தனியாக இருக்க வேண்டாம்.

எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டார். தேவதூதன் வந்து கண்டிக்கவில்லை, வசனம் சொல்லவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். படுக்க விட்டான்! இரண்டாம்தரம் எழுப்பியபோதும் முதலில் சாப்பாடுதான். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருட ஆயுசு என்று வாக்குக் கொடுக்கப்பட்ட பிறகும், பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டச் சொன்னார் ஏசாயா. வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தவை.

கேள்வி: பெரிய காணிக்கை வைத்தால் இந்தக் கடன் கட்டு உடையும் என்று ஒரு ஊழியர் சொல்கிறார். வைக்கலாமா?

வைக்காதீர்கள். கடன்காரனுக்குக் கட்டுங்கள்.

கேள்வி: என் தோழியின் கணவர் இறந்துவிட்டார். என்ன வசனம் சொல்லி ஆறுதல்படுத்துவது அக்கா?

வசனம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்; சகலமும் நன்மைக்கேதுவாக நடக்கும் என்கிற ரோமர் 8:28-ஐயாவது வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அது உண்மை, ஆனால் அவளாகக் கண்டுபிடிக்க வேண்டிய உண்மை. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் சிநேகிதர்கள் ஏழுநாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. பாத்திரம் கழுவுங்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூட அழுங்கள். ஒரு மாதம் கழித்து, எல்லாரும் மறந்த பிறகு, மறுபடியும் போங்கள்.

கேள்வி: ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. இன்று இரவு என்ன சொல்லட்டும்?

சங்கீதம் 13. ஆறே வசனம். சத்தமாக வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் “எதுவரைக்கும்” என்று நான்குதரம் வரும். ஒவ்வொன்றிலும் நிறுத்தி, உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லி வையுங்கள். ஐந்தாம் வசனத்தில் “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்” என்று வருகிறது. அதைச் சொல்ல இன்றைக்கு வாய் வரவில்லை என்றால், நான்கோடு நிறுத்திவிட்டு விளக்கை அணைத்துப் படுங்கள். ஐந்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.