ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) நார்மல் என்று வந்தால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று நம்பலாமா?

அதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். நாங்கள் அப்படி நம்பித்தான் அப்பா விஷயத்தில் கோட்டை விட்டோம்.

அப்பாவுக்குப் பதினான்கு வருடமாகச் சர்க்கரை. ஒவ்வொரு வருடமும் கிரியேட்டினின் 1.1, 1.2 என்று வரும். நிம்மதியாக ஃபைலில் வைத்துவிடுவோம். அப்பா சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் பாத்ரூமில் தண்ணீர் ஊற்றிய பிறகும் நுரை அடங்காமல் நிற்கிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். சோப்பு நுரையாக இருக்கும் என்று சொன்னவன் நான்தான். கடைசியில் கால் வீக்கத்துக்குப் பார்த்த டாக்டர் 'யூரின் ஏசிஆர்' எடுக்கச் சொன்னார். சிறுநீரில் கிரியேட்டினினோடு ஒப்பிட்டு ஆல்புமின் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. 30க்குள் இருக்க வேண்டியது, 420.

கிரியேட்டினின் கண்ணில் படும்படி ஏறுவதற்குள் கிட்னியின் திறனில் பாதி வரை போயிருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்குப் பெரும்பாலும் அதற்குப் பல வருடம் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகூட வேண்டாம். சென்னையில் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணியின் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட், 1990களின் கடைசியில், பக்கத்துக் கிராமங்களில் சுமார் 25,000 பேரை வைத்து இதைச் செய்து காட்டியது. உள்ளூரில் படித்த பெண்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலம் விட்டார்கள். கலங்கினால் புரதம் இருக்கிறது என்று அர்த்தம். நோய் இருந்தவர்களுக்குக் கொடுத்ததும் விலை குறைந்த மாத்திரைகள்தான். இதைப் படித்தபோது எனக்கு மனசு ஆறவேயில்லை.

சரி, சிகிச்சை. அப்பா இப்போது டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார். இரண்டாவது மாத்திரையைப் பற்றி 2020இல் வந்த பெரிய ஆய்வில், கிட்னி மோசமாவதும், கிட்னி அல்லது இதய நோயால் வரும் மரணமும் சேர்ந்த ஆபத்து, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சேர்த்தே, ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அதே வருடம் இங்கே அதன் முதல் காப்புரிமை முடிந்து விலையும் இறங்கத் தொடங்கியது. எட்டு மாதத்தில் அப்பாவின் 420, 160க்கு வந்திருக்கிறது.

சாப்பாட்டில் முதலில் கை வைத்தது உப்பில். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் போயின. கருவாட்டுக்குத்தான் அவர் ரொம்ப வருத்தப்பட்டார். அதற்குப் பதிலாகக் கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பை வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத்துக்கே ஆபத்து.

புரதம் கூடாது என்று பருப்பு, முட்டை எல்லாம் நிறுத்தச் சொன்னார்கள் உறவினர்கள். நிறுத்தினோம், மனிதர் மெலிந்தார். டயட்டீஷியன்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தார்: ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், அவருடைய 65 கிலோவுக்கு 52 கிராம். முட்டை திரும்பி வந்தது.

சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் அடுத்த முறை லேப் சீட்டில் 'யூரின் ஏசிஆர்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். காய்ச்சல் நேரத்தில் எடுத்தால் தப்பாக ஏறிக் காட்டும். அதிகமாக வந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடுவதை இன்றே நிறுத்துங்கள்; வலி மாத்திரைகள் பலவும் கிட்னியைக் கெடுக்கும்.