தேர்வுக் கால மாத்திரைகள்: வாசகர் கேள்விகளுக்கு நிபுணர் பதில்கள்

மருத்துவம், சட்டம், கணக்காயம் போன்ற கடினமான தொழிற்படிப்புகளில் இருப்பவர்கள், கவனத்தைக் கூட்டும் மாத்திரைகள் பற்றி அனுப்பிய கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. ஒரு மனநல மருத்துவரும் ஒரு மருந்தியல் வல்லுநரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

கேள்வி: மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் பேட்ச்சில் சிலர் தேர்வு நெருங்கியதும், ஏடிஎச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடிய விடியப் படிக்கிறார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஏடிஎச்டி இல்லாதவருக்கும் இந்த மாத்திரை மூளையைக் கூர்மையாக்குமா?

தூக்கத்தை விரட்டும், சலிப்பைக் குறைக்கும், நாற்காலியில் உட்கார வைக்கும். கூர்மை என்று நீங்கள் கேட்பது வேறு. அதற்கான சான்று மிக மெலிந்தது.

மூளையில் வெளியாகும் டோபமைனும் நார்எபிநெஃப்ரினும் வேலை முடிந்ததும் நரம்பு முனைக்குள் திரும்ப இழுக்கப்படும். மெத்தில்ஃபெனிடேட் அந்த வழியை அடைக்கிறது. ஏடிஎச்டிக்குத் தரும் இன்னொரு மருந்தான ஆம்ஃபெட்டமைன் அடைப்பதோடு நிற்காமல், உள்ளே சேமித்து வைத்திருப்பதையும் வெளியே தள்ளுகிறது. திட்டமிடுதல், கவனத்தை நிறுத்துதல் ஆகிய வேலைகளைச் செய்யும் முன்மூளைப் பகுதிக்கு இந்த வேதிப்பொருள்கள் ஓர் அளவுக்கு வேண்டும். குறைந்தாலும் தடுமாறும், கூடினாலும் தடுமாறும். ஏற்கெனவே சரியான அளவில் இருப்பவரை மாத்திரை அந்த அளவைத் தாண்டித் தள்ளிவிடலாம்.

2023இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வெளியான மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஏடிஎச்டி இல்லாத 40 பேருக்கு வெவ்வேறு நாள்களில் மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமைன் என்ற ஆம்ஃபெட்டமைன் வகை, தூக்கத்தை விரட்டும் மோடாஃபினில், மருந்தில்லாத வெற்று மாத்திரை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். எடை வரம்புக்குள் அதிக மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்து பையை நிரப்பும் புதிர்தான் சோதனை. மருந்து எடுத்த நாள்களில் அவர்கள் அதிக நேரம் செலவிட்டார்கள், பொருள்களை அதிகமுறை மாற்றி மாற்றி வைத்தார்கள். விடையின் தரமோ குறைந்தது. வெற்று மாத்திரையில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள், மருந்து எடுத்தபோது சராசரிக்குக் கீழே போகும் போக்கும் தெரிந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய 2015ஆம் ஆண்டு மதிப்பீட்டில், நினைவாற்றலிலும் தன்கட்டுப்பாட்டிலும் சிறிய பலன் தெரிந்தது. ஆனால் படிப்பவர் உணரும் பலன் அதைவிடப் பெரிது. 2013இல் வெளியான ஒரு சோதனையில், ஆம்ஃபெட்டமைன் கலவை எடுத்தவர்கள் தாங்கள் சிறப்பாகச் செய்ததாக நம்பினார்கள். அளந்து பார்த்தபோது பெரும்பாலான சோதனைகளில் முன்னேற்றம் இல்லை. எங்களுக்கு அதிகம் கவலை தருவது இதுதான். மாணவர் தன் தயாரிப்பை எடைபோடும் தராசையே மருந்து சாய்த்துவிடுகிறது. எந்தப் பாடம் தேறவில்லை என்று கண்டுபிடிக்கும் திறன் தேர்வுக்கு முந்தைய வாரத்தில்தான் மிகவும் தேவை.

உங்கள் நண்பர்கள் வாங்கும் மதிப்பெண்ணுக்குக் காரணம் மாத்திரைதான் என்று சொல்லவும் முடியாது. விடிய விடிய உட்கார்ந்து படிக்கும் உறுதி உள்ளவர் மாத்திரை இல்லாமலும் மதிப்பெண் வாங்கியிருக்கலாம்.

கேள்வி: ஒரே ஓர் இரவுக்கு, ஒரே ஒரு மாத்திரை. நண்பனுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான், போலி இல்லை. இதில் என்ன ஆபத்து?

நண்பருக்காக எழுதியபோது மருத்துவர் அவருடைய ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்திருப்பார். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா, இதய நோய் உண்டா, மனநோய் உண்டா என்று கேட்டிருப்பார். உங்களிடம் யாரும் கேட்கவில்லை. வழக்கமான அளவில் மெத்தில்ஃபெனிடேட் நாடித்துடிப்பைச் சராசரியாக நிமிடத்துக்கு 3 முதல் 6 வரையும், ரத்த அழுத்தத்தை 2 முதல் 4 அலகு வரையும் கூட்டுகிறது. ஆரோக்கியமான இதயத்துக்கு அது சின்ன விஷயம். சிலருக்குச் சராசரியைவிட நிறையவே ஏறும். வெளியே தெரியாத பிறவிக் குறைபாடோ துடிப்புக் கோளாறோ உள்ளவருக்கு அது சின்ன விஷயமாக இருக்காது. பலருக்குத் தங்களிடம் அது இருப்பதே தெரியாது.

அடுத்து, அது எந்த வகை மாத்திரை என்று தெரியுமா? உடனடி வகை மெத்தில்ஃபெனிடேட்டின் வேகம் 3 முதல் 4 மணி நேரத்தில் இறங்கிவிடும். நீள்வகை 8 முதல் 12 மணி நேரம் நிற்கும். லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெட்டமைன் என்ற ஆம்ஃபெட்டமைன் வகை 14 மணி நேரம் வரைகூட இழுக்கும். இரவு 9 மணிக்கு நீள்வகையைப் போட்டவர் காலையில் தேர்வறைக்குப் போகும்வரை தூங்கமாட்டார். காலையில் அதன் வேகம் இறங்கும்போது எரிச்சலும் சோர்வும் சேர்ந்து வரும். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று நீள்வகையை மெல்லுவதும் பொடிப்பதும் இன்னும் மோசம். நாள் முழுவதுக்கும் பிரித்து வெளிவர வேண்டிய அளவு ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிடும்.

வேறு மருந்து எடுப்பவரா என்பதும் முக்கியம். மனச்சோர்வுக்கான பழைய வகை மருந்தான எம்ஏஓ தடுப்பான் எடுப்பவருக்கும், அதை நிறுத்தி 14 நாள் ஆகாதவருக்கும் ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறலாம். மனச்சோர்வுக்கான எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரையோடு ஆம்ஃபெட்டமைன் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் கொண்ட செரடோனின் நச்சுநிலை வரும் வாய்ப்பு உண்டு. மது சேர்ந்தால் போதை ஏறுவது தெரியாது. அதனாலேயே அளவு மீறிக் குடித்துவிடுவார்கள்.

இவை எதுவுமே நடக்கவில்லை என்றாலும் அந்த இரவின் தூக்கம் போகிறது. படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தடுமாறுவதை 1997ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. மாத்திரை அந்தத் தடுமாற்றத்தை மறைக்கும், முழுக்க நீக்காது.

நண்பர் பக்கமும் யோசியுங்கள். 1971ஆம் ஆண்டின் ஐ.நா. மனமாற்றப் பொருள்கள் உடன்படிக்கையில் ஆம்ஃபெட்டமைனும் மெத்தில்ஃபெனிடேட்டும் இரண்டாம் பட்டியலில் உள்ளன. பெரும்பாலான நாடுகளில் தனக்கு எழுதியதை இன்னொருவருக்குக் கொடுப்பது, காசு வாங்காவிட்டாலும், குற்றம். தொழில் உரிமம் பெறவேண்டிய படிப்பில் இருப்பவருக்கு அப்படி ஒரு பதிவு எவ்வளவு கனமானது என்று சொல்லத் தேவையில்லை. ஆன்லைனில் முகம் தெரியாதவரிடம் வாங்குவதைப் பற்றிக் கேட்டால், கூடவே கூடாது என்பதுதான் பதில். இந்தப் பெயர்களில் விற்ற போலி மாத்திரைகளில் மெத்தாம்ஃபெட்டமைன் என்ற போதைப்பொருளும், ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான வலிநீக்கி மருந்தும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

கேள்வி: மோடாஃபினில் ஆம்ஃபெட்டமைன் வகையே இல்லையாமே? அது பரவாயில்லையா?

அடிமையாக்கும் தன்மை அதில் குறைவு என்பது சரி. அதிகப் பகல்தூக்க நோய்க்காக வந்த மருந்து அது. உடலில் பாதி வெளியேறவே சுமார் 15 மணி நேரம் ஆகும் என்பதால் பிற்பகலில் எடுத்தாலும் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும். அரிதாக, உயிருக்கே ஆபத்தான தோல் எதிர்வினையை உண்டாக்கும். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போகவேண்டும். பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது: ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கும், நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை. நண்பரிடம் ஒரு ஸ்ட்ரிப் வாங்குகிறவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

கேள்வி: பள்ளியிலிருந்தே கடைசி நேரத்தில் படித்துத்தான் தேறினேன். இப்போது சட்டப்படிப்பில் அந்த வித்தை பலிக்கவில்லை. ஒரு பக்கத்தை நாலு முறை படிக்கிறேன், பொருள்களைத் தொலைக்கிறேன், கெடுவைத் தவறவிடுகிறேன். எனக்கு ஏடிஎச்டி இருக்குமோ? சோம்பேறி என்கிறார்கள் வீட்டில்.

இருக்கலாம். உங்களைப் போன்றவர்கள் தாங்களாகவே மாத்திரை தேடிப்போகாமல் மருத்துவரிடம் வரவேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதியை எழுதுகிறோம். புத்திசாலிப் பிள்ளைகள் பள்ளியில் சமாளித்துவிடுவார்கள். பாடச்சுமை கூடி, நேரத்தைத் தானே நிர்வகிக்கவேண்டிய படிப்புக்கு வந்ததும்தான் குறை வெளியே தெரியும். சோம்பலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் கண்டுபிடிக்காது. விரிவான நேர்காணல்தான் வழி. 17 வயது நிறைந்தவருக்கு, கவனக்குறைவு அல்லது துறுதுறுப்புப் பட்டியலில் குறைந்தது 5 அறிகுறிகள் 6 மாதமாவது நீடித்திருக்கவேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். படிப்பில் மட்டும் இல்லாமல் வீடு, வேலை, உறவு என இன்னோர் இடத்திலும் தெரியவேண்டும். தேர்வு மாதத்தில் மட்டும் கவனம் சிதறினால் அது பெரும்பாலும் வேறு எதாவது.

போகும்போது பழைய பள்ளி முன்னேற்ற அறிக்கைகளைக் கொண்டுபோங்கள். 'திறமை உண்டு, கவனம் இல்லை' என்று ஆசிரியர் எழுதிய ஒரு வரி மிகவும் உதவும். சிறுவயதில் உங்களைப் பார்த்த அம்மாவோ அக்காவோ கூட வந்தால் நல்லது. இரண்டு வாரத் தூக்கக் குறிப்பு எழுதி வையுங்கள். மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு கோளாறு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு நிற்கும் தூக்கக் கோளாறு எல்லாமே இதே முகத்தோடு வரும். பத்து நிமிடத்தில் மாத்திரை எழுதித் தருகிறவரிடம் போனால் இவை தவறிவிடும்.

ஏடிஎச்டி உறுதியானால், தேர்வில் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு உங்கள் கல்வி நிறுவனத்தில் உண்டா என்று உடனே விசாரியுங்கள். இருந்தால் பல மாதம் முன்னதாகவே சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டிவரும்.

கேள்வி: எனக்கு ஏடிஎச்டி உறுதியாகி மெத்தில்ஃபெனிடேட் தொடங்கிப் பத்து நாள். பசியே இல்லை, மாலை ஆனால் அழுகை வருகிறது. அடுத்த மாதம் தேர்வு.

இரண்டுமே அடிக்கடி வருபவை, இரண்டுக்கும் வழி உண்டு. மாத்திரைக்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிடுங்கள். மருந்து இறங்கியதும் பசி திரும்பும், அப்போது இன்னொரு முறை. வாரம் ஒருமுறை எடை பாருங்கள். மாலை அழுகை, மருந்து சட்டென இறங்குவதால் வருவது. எந்த மணிக்கு எடுத்தீர்கள், எப்போது தொடங்குகிறது என்று ஒரு வாரம் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தையோ வகையையோ மாற்றினாலே பலருக்குச் சரியாகிறது. நாள் முழுக்க மனம் மரத்துப்போனது போல இருந்தால் அளவு கூடியிருக்கலாம்.

அளவைச் சிறிதாகத் தொடங்கி வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றுவதுதான் முறை. எனவே தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது புதிதாக எதையும் மாற்றவேண்டாம். தேர்வு நாளில் 'இன்னொன்று சேர்த்து' என்பதும் வேண்டாம். காபியை முதல் சில வாரம் பாதியாக்குங்கள். படபடப்புக்கு மாத்திரை காரணமா காபி காரணமா என்று பிரித்துப் பார்க்க அதுவே வழி. உங்கள் மருந்து பிற்பாடு ஆம்ஃபெட்டமைனுக்கு மாறினால் இன்னொரு குறிப்பு: வைட்டமின் சி மாத்திரையும் புளிப்புப் பழச்சாறும் அதன் பலனைக் குறைக்கும், அமில முறிவு மருந்து கூட்டும்.

கேள்வி: ஒரு வருடமாகச் சீட்டில்லாமல் ஆம்ஃபெட்டமைன் எடுக்கிறேன். ஒன்றில் தொடங்கி இப்போது ஒரு நாளுக்கு நான்கு. அது இல்லாமல் புத்தகத்தைத் திறக்கவே முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எங்களிடம் சொன்னீர்களே, அது நல்ல தொடக்கம். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரிடம் இதே வரிகளைச் சொல்லுங்கள். மருத்துவர் உங்கள் தகவலைக் காக்கக் கடமைப்பட்டவர். எதெல்லாம் ரகசியமாக இருக்கும், எது விதிவிலக்கு என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

திடீரென நிறுத்தினால் முதல் சில நாள் அடித்துப்போட்டது போன்ற தூக்கமும் அகோரப் பசியும் வரும். அதன்பின் ஓரிரண்டு வாரம் மனம் கீழே கிடக்கும், எதிலும் விருப்பம் இருக்காது. பலர் அதைத் தங்கள் இயல்பான நிலை என்று தப்பாக எண்ணி மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். அது மூளை பழைய நிலைக்கு வர எடுக்கும் காலம், கடந்துபோகும். ஆனால் அந்த நாள்களில் தற்கொலை எண்ணம் வரக்கூடும். அதனால் தனியாக நிறுத்தாதீர்கள். அறைத்தோழரோ அண்ணனோ, ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். தேர்வு குறுக்கே வந்தால் ஒரு பருவம் தள்ளிப்போடுவது பற்றிப் பேசுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், தாங்கமுடியாத தலைவலி, உடல் கொதிப்போடு குழப்பம், யாரோ பின்தொடர்வதாகத் தோன்றுவது, குரல் கேட்பது, சாகவேண்டும் என்ற எண்ணம் இவற்றில் எது வந்தாலும் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். என்ன எடுத்தீர்கள், எத்தனை, எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான்.

கேள்வி: மாத்திரை வேண்டாம், சரி. 36 மணி நேர டியூட்டிக்கு நடுவில் முதுநிலைத் தேர்வுக்கு எப்படித்தான் படிப்பது?

படிக்கும் மணியைக் கூட்ட வழியில்லை. ஒரு மணியில் கிடைப்பதைக் கூட்டலாம். 2006ஆம் ஆண்டு சோதனை ஒன்றில் ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரே ஒரு முறை வாசித்து, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். ஆகவே சிறு இடைவெளிகளில் புத்தகத்தை விரிக்காமல் கேள்விகளைப் போடுங்கள். 10 கேள்வி, தவறியதை மட்டும் ஒரு வரியில் எழுதி வைத்து மறுநாளும், நான்காம் நாளும், பத்தாம் நாளும் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு டியூட்டி முடிந்த காலையில் புதிய பாடம் தொடங்காதீர்கள். முதலில் தூங்குங்கள், வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகாதீர்கள். காபி நல்ல துணைதான். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளுக்கு 400 மில்லிகிராம் கஃபீன், ஒரே நேரத்தில் 200 வரை பாதுகாப்பானது. கருவுற்றவருக்கு நாள் முழுவதற்கும் 200தான். எனர்ஜி டிரிங்க் குடித்தால் டப்பாவில் உள்ள அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். பாதி வெளியேறவே 5 மணி நேரம் ஆவதால், படுக்கும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். இடைவேளை கிடைத்தால் காபியைக் குடித்த கையோடு 20 நிமிடம் கண்ணயருங்கள். கஃபீன் ஏற ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், விழிக்கும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். அரை மணியைத் தாண்டித் தூங்கினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும்; அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.