ரகத்தை மாற்றும் முன் பதரைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: ஒரே வயல், ஒரே நெல் ரகம், ஒரே அளவு உரம். போன பருவத்தில் நல்ல மகசூல். இந்தப் பருவத்தில் பயிர் செழிப்பாக நின்றும், தூற்றும்போது பதர்தான் அதிகம் பறந்தது. வயது கூடிய வேறு ரகத்துக்கு மாறலாமா, இல்லை மக்காச்சோளத்துக்கே போய்விடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். மகசூல் எந்தக் கட்டத்தில் போனது என்று தெரியாமல் ரகத்தை மாற்றினால், அடுத்த பருவத்திலும் இதே கேள்வி வரும்.

நெல் மகசூல் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: சதுர மீட்டருக்கு எத்தனை கதிர், கதிருக்கு எத்தனை மணி, அதில் எத்தனை சதவீதம் நிறைந்தது, ஆயிரம் மணியின் எடை எவ்வளவு. 300 கதிர், கதிருக்கு 100 மணி, 85 சதவீதம் நிறைவு, ஆயிரம் மணிக்கு 22 கிராம் என்று வைத்தால் ஹெக்டேருக்குச் சுமார் 5,600 கிலோ வரும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, நிறைவு மட்டும் 60 சதவீதமாக இறங்கினால் 3,960 கிலோதான். வரப்பில் நின்று பார்த்தால் இரண்டு வயலுக்கும் வித்தியாசமே தெரியாது.

இந்த எண்கள் ஒவ்வொன்றும் பயிரின் ஒவ்வொரு கட்டத்தில் முடிவாகின்றன. கதிர் எண்ணிக்கை தூர் கட்டும்போது. மணி எண்ணிக்கை தண்டுக்குள் இளங்கதிர் உருவாகும்போது. மணி எடை பெரும்பாலும் ரகத்தின் குணம், உமியின் அளவைத் தாண்டி அரிசி வளர முடியாது. பயிர் செழிப்பாக இருந்தது என்கிறீர்கள், அதனால் முதல் இரண்டிலும் பெரிய குறை இருந்திருக்காது. நிறைவுச் சதவீதம் முடிவாவது, கதிர் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் பொதிப் பருவத்துக்கும் பால் பிடிக்கும் பருவத்துக்கும் நடுவில்; உங்கள் இழப்பும் அங்கேதான் நடந்திருக்கிறது.

அதை உறுதி செய்ய, வயலின் பல இடங்களிலிருந்து கதிர்களை எடுத்து, பதரை மட்டும் உருவி, நகத்தால் உமியைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே சுருங்கிய மகரந்தப் பைகளும் துளியும் வளராத சூலும் மட்டும் இருந்தால், அந்தப் பூ கருவுறவே இல்லை. மெல்லிய, சூம்பிப்போன அரிசி இருந்தால், கருவுற்ற பிறகு மணிக்கு உணவு போய்ச் சேரவில்லை. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் பதர்தான், காரணம் முற்றிலும் வேறு. முழுக் கதிரே வெளுத்து நிமிர்ந்து நின்று, இழுத்தவுடன் கையோடு வந்திருந்தால் அது குருத்துப்பூச்சியின் வேலை. அதற்கும் தட்பவெப்பத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

கருவுறாத பூக்கள் அதிகமென்றால், பூத்த நாட்களின் வெப்பநிலையைத் தேடிப் பாருங்கள். நெற்பூ பெரும்பாலும் முற்பகலில் திறந்து, ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, விழும் மகரந்தமும் முளைக்காது. குளிரும் இதையே செய்யும். பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், பொதிக்குள் மகரந்தம் உருவாகும்போது, 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் பல ரகங்களில் மலட்டுப் பூக்கள் கூடும். அதே நாட்களில் வயல் காய்ந்திருந்தாலும் விளைவு இதுதான்.

சூம்பிய மணிகள் அதிகமென்றால் வெளிச்சத்தைச் சந்தேகியுங்கள். பால் பிடிக்கும் நாட்களில் தொடர்ந்து மேகமூட்டம் இருந்தால் இலைகள் உணவு தயாரிப்பது குறைந்துவிடும். அந்த வானத்தின் கீழ் தழைச்சத்தைக் கூடுதலாகக் கொடுத்திருந்தால் இலைகள் ஒன்றையொன்று நிழலிட்டு, பயிர் சாய்ந்து, நிலைமை இன்னும் மோசமாகும். இரவு வெப்பத்தை மட்டும் ஏனோ பலரும் கவனிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களிலிருந்து 2004-ல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது நெல் மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

ஆக, நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது விதைக்கும் தேதி. வெப்ப மண்டலத்தில் பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாட்கள். இளங்கதிர் உருவாவதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாட்கள். குறுகிய கால ரகமோ நீண்ட கால ரகமோ, இந்த இரண்டும் பெரிதாக மாறுவதில்லை; வயது வித்தியாசமெல்லாம் அதற்கு முந்தைய வளர்ச்சிப் பருவத்தில்தான். எனவே 120 நாள் ரகம் விதைத்து 90-ம் நாள் வாக்கில் பூக்கும். அந்த வாரம் எப்போது வந்தால் மிதமான வெப்பமும் நல்ல வெயிலும் இருக்கும் என்று பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். பகலின் நீளத்தைப் பொறுத்துப் பூக்கும் ரகமாக இருந்தால் தேதியை நகர்த்திப் பெரிய பயன் இல்லை, அப்போது ரகத்தை மாற்றுவதுதான் வழி. வயது கூடிய ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கணக்கைப் போடுங்கள். கடைசித் தண்ணீர் நிற்கும் தேதிக்குள் அது பால் பிடித்து முடிக்காவிட்டால், கூடுதல் நாட்கள் வைக்கோலாகத்தான் மாறும்.

மக்காச்சோளத்துக்கு வருகிறேன். அது பதர் பிரச்சினைக்கு மருந்தல்ல. அதற்கும் ஒரு பலவீனமான கட்டம் உண்டு. ஆண் பூ உச்சியில், பெண் பூ நடுத்தண்டில். வறட்சி வந்தால் உச்சியில் மகரந்தம் நேரத்துக்குக் கொட்டிவிடும், கீழே பட்டு இழை தாமதமாக வெளிவரும். கதிரில் பாதி மணி பிடிக்காது. தேங்கிய நீரையும் அது தாங்காது. வடிகால் இல்லாத கனத்த மண்ணானால் நெல்லோடே இருங்கள். தண்ணீர்தான் உங்கள் குறையென்றால், சோளம், கம்பு பற்றி யோசிப்பது பொருத்தம். வறட்சியில் வளர்ச்சியை நிறுத்திவைத்து, மழை வந்ததும் தொடரும் திறன் சோளத்துக்கு உண்டு. கம்பு புதுத் தூர் விட்டு இழப்பை ஓரளவு ஈடுசெய்யும். நல்ல வருடத்தில் இவற்றின் உச்ச மகசூல் மக்காச்சோளத்தைவிடக் குறைவு என்பதும் உண்மை.

மண்ணில் உப்பு இருக்கிறதா என்றும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்து திறன், மீட்டருக்கு மக்காச்சோளத்துக்கு 1.7, நெல்லுக்கு 3, கோதுமைக்கு 6, பார்லிக்கு 8 டெசிசைமன்ஸ் என்ற அளவைத் தாண்டும்போது மகசூல் இறங்கத் தொடங்கும். சற்றே உவரான நிலத்தில் நெல்லை விட்டு மக்காச்சோளத்துக்குப் போவது நஷ்டம்.

இரண்டு பருவத்தையும் ஒப்பிடும்போது ஈரப்பதத்தை மறக்க வேண்டாம். 22 சதவீத ஈரத்தில் எடைபோட்ட 5,000 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 4,535 கிலோதான். போன பருவ நெல்லை ஈரத்தோடும் இந்தப் பருவ நெல்லைக் காயவைத்தும் எடைபோட்டிருந்தால், நீங்கள் பார்த்த இழப்பில் ஒரு பகுதி அதுவாகவும் இருக்கலாம்.