உன்னிச்செடிச் சாறு புண்ணை ஆற்றுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் புண் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலியே இல்லை என்கிறார். உன்னிச்செடி இலை கிருமியைக் கொல்வது ஆராய்ச்சியில் நிரூபணமானது என்று வீடியோவில் பார்த்துவிட்டு, தினமும் அரைத்துப் பூசுகிறார். கஷாயமாகவும் குடிக்கலாமா டாக்டர்?
- வாசகர், கூடலூர்

பதில்: குடிக்கவே கூடாது. பூசுவதையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வீடியோ முழுப் பொய் சொல்லவில்லை. அழகுக்காகக் கொண்டுவந்து, இன்று முதுமலைக் காட்டையே வளைத்துக்கொண்ட இந்தச் செடியின் இலையில் கேரியோஃபிலின் போன்ற டெர்பீன்களும் (செடிகளில் வாசனை தரும் எண்ணெய்ப் பொருள்கள்) வேறு சில கிருமி எதிர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் காய்ந்த இலைத் தூளை மெதனால் என்ற ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைப்பார்கள். கிருமி வளர்த்த அகர் தட்டில் (கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டு) சின்னக் குழி போட்டு அந்தச் சாற்றை விடுவார்கள். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி இல்லாத வளையம் தெரியும். பினாயில் விட்டாலும்தான் வளையம் வரும், அதைப் புண்ணில் ஊற்றுவோமா?

ஆன்டிபயாடிக் மைக்ரோகிராம் அளவில் செய்யும் வேலைக்கு இத்தகைய சாறுகள் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கில் தேவைப்படும். அதுவும் ஸ்டேஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிகளிடம் ஓரளவு பலிக்கும். மருந்தைத் தடுக்கும் வெளிச்சவ்வு உள்ள சூடோமோனாஸ் போன்ற கிருமிகளிடம் அவ்வளவாகப் பலிக்காது. நம் ஊர்ச் சர்க்கரைக்காரர்களின் கால் புண்ணில் இந்தப் பிந்திய வகையும் நிறையவே இருக்கும். போதாததற்கு, இலையின் சரக்கு இடத்துக்கு இடம், பருவத்துக்குப் பருவம் மாறும். அம்மியில் அரைத்த இலையோடு மண்ணும் டெட்டனஸ் வித்துகளும் சேர்ந்து வரலாம்.

கஷாயம் அதைவிட மோசம். இலையிலுள்ள லாண்டடீன் ஈரலைத் தாக்கும் நஞ்சு. இதை மேய்ந்த மாட்டுக்குப் பித்தம் வெளியேறாமல் மஞ்சள் காமாலை வரும். வெயில் பட்டால் மூக்கும் காது மடலும் வெந்து தோல் உரியும். மாடு வளர்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மனிதருக்கு எவ்வளவு வரை பாதுகாப்பு என்று அளவு எதுவும் வகுக்கப்படவில்லை.

சரி, எனக்கு இலையைவிடப் பெரிய கவலை அந்த ‘வலியே இல்லை’தான். உள்ளங்காலில் மூன்று வாரப் புண் வலிக்கவில்லை என்றால், பெரும்பாலும் நரம்பு மரத்துவிட்டது என்று அர்த்தம். புண் ஆழமாகி எலும்பைத் தொட்டாலும் அவருக்குத் தெரியாது. மூன்று வாரம் ஏற்கெனவே அதிகம். நாளைக்கே அரசு மருத்துவமனையில் சர்ஜனிடம் காட்டுங்கள். கால் நாடி, உணர்ச்சி, எக்ஸ்ரே, ரத்தச் சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். செத்த சதையை அகற்றி, தேவைப்பட்டால் கல்ச்சர் எடுத்து (புண்ணில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்த்து) மருந்து தருவார்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்றும் சொல்லுங்கள்.

அதுவரை கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி, சுத்தமான காஸ் துணியால் மூடுங்கள். அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள், சர்க்கரை மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். விரல் கறுத்தாலோ, நாற்றம் அடித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ நாளை வரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள், ராத்திரியானாலும் சரி.