எச்.ஐ.வி. உள்ள அம்மா குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டுவந்தால். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர், தேன், ஊரிலிருந்து பாட்டி கொண்டுவரும் வசம்பு எதுவும் கூடாது (பாட்டியைச் சமாளிப்பதுதான் கஷ்டம்). குழந்தைக்குக் கிருமி தொற்றாமல் தடுக்க டாக்டர் தரும் நெவிரபின் சிரப் போன்ற மருந்துகள் மட்டும் விதிவிலக்கு.

காரணம் குடல். வேறு உணவு பட்டால் பிஞ்சுக் குடலின் உள்தோல் புண்ணாகலாம். தாராவியில் மழைக்குமுன் கூரைமேல் போடும் தார்ப்பாய் மாதிரி அது. ஊசித்துளை விழுந்தாலே உள்ளே ஒழுகும்; அப்படித்தான் புண் வழியே பாலிலுள்ள கிருமி உள்ளே போகலாம். மாத்திரையோ பாலில் கிருமியையே குறைக்கிறது. ஆபத்து மிகவும் குறையும், பூஜ்யமாகாது. அதனால் 6 வாரத்தில் குழந்தைக்குப் பரிசோதனை அவசியம். மும்பையின் சயான் மாநகராட்சி மருத்துவமனை போன்ற இடங்களில் ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசம்.

பாதி தாய்ப்பால், பாதி பவுடர் பால் என்றால் ஆபத்தும் பாதியாகும் என்பது தப்புக்கணக்கு: 6 மாதத்துக்குள் கலப்பது ஆபத்தைக் கூட்டும், ஆனால் கலந்துவிட்டோமே என்று தாய்ப்பாலையோ மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.