பாலி ஃபார்மரைப் பற்றி உங்கள் கேள்விகள்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பால் வீரர் கிரஹாம் ஃபார்மரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

'பாலி' என்ற பெயர் எப்படி வந்தது?

சின்ன வயதில் கிளி மாதிரி ஓயாமல் பேசுவாராம். ஆங்கிலத்தில் கிளிக்கு வைக்கும் செல்லப்பெயர் அது. 1935-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த நூங்கார் பழங்குடியினர். வளர்ந்தது பெர்த்தில், சிஸ்டர் கேட்ஸ் என்ற குழந்தைகள் இல்லத்தில்.

ஹேண்ட்பாலைக் கண்டுபிடித்ததே அவர்தானா?

இல்லை, அது முன்பே இருந்தது. இந்த ஆட்டத்தில் பந்தை எறியக் கூடாது; ஒரு உள்ளங்கையில் வைத்து, மறு கை முஷ்டியால் குத்தி அனுப்ப வேண்டும். அதுதான் ஹேண்ட்பால். எதிராளி வளைத்துப் பிடித்து, உதைக்க வழியில்லாதபோது கடைசிக்குச் செய்கிற காரியமாகத்தான் பலரும் அதை வைத்திருந்தார்கள். பாலி அதையே தாக்குதலாக மாற்றினார். நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பியதும் எகிறிப் பிடிப்பார். மேலே ஆட்கள் விழுந்துகொண்டிருக்கும்போதே, ஓடி வரும் சகாவின் கைக்குப் பந்து போய்விடும். நின்று வாங்க வேண்டாம், ஓட்டத்திலேயே வாங்கலாம். காரின் திறந்த ஜன்னல் வழியே பந்தைக் குத்தி அனுப்பிப் பழகினார் என்பார்கள். முட்டை வடிவப் பந்து, குறுகிய ஜன்னல்! யோசித்துப் பாருங்கள்.

விக்டோரியாவில் சாதித்தாரா?

சாதித்தார். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஈஸ்ட் பெர்த் அணியிலிருந்து 1962-இல் விக்டோரியா மாநிலத்தின் ஜீலாங் அணிக்குப் போனார். முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடி. அந்த சீசனே ஏறக்குறைய போய்விட்டது. அடுத்த வருடம், 1963-இல், ஜீலாங் கோப்பையை வென்றது. அதற்கப்புறம் அந்த அணிக்கு 2007 வரை கோப்பை இல்லை.

கோல் கணக்கில் பெரிதாகத் தெரியவில்லையே?

தெரியாதுதான். அவர் கொடுத்த பந்து அடுத்தவர் பெயரில் கோலாகிறது. அதனால் அவரை எண்களால் அளப்பது நியாயமில்லை என்பேன். எண்தான் வேண்டுமென்றால், மேற்கு ஆஸ்திரேலிய லீக்கின் சிறந்த வீரருக்கான சாண்டோவர் பதக்கம் 3 முறை. 1996-இல் இந்த ஆட்டத்தின் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ்ப்பட்டியல் தொடங்கியபோதே, அதன் மிக உயர்ந்த நிலையான 'லெஜண்ட்'.

பெர்த் நெடுஞ்சாலைக்கு இவர் பெயரா?

ஆமாம், கிரஹாம் ஃபார்மர் ஃப்ரீவே.

இறந்த பிறகு மூளை பற்றி ஒரு செய்தி வந்ததே?

2019 ஆகஸ்டில், 84 வயதில் காலமானார். பல ஆண்டுகள் அல்சைமர் நோயோடு இருந்தார். 2020-இல் அவர் மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. இருந்தது தெரிந்தது. தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு அது. இந்த ஆட்டக்காரர்களில் அது கண்டறியப்பட்ட முதல் ஆள் இவர். உயிரோடு இருப்பவரிடம் அதை உறுதிசெய்ய இன்னும் வழியில்லை. அவர் மூளை ஆய்வுக்குக் கொடுக்கப்பட்டதால்தான் தெரியவந்தது.