ட்ரிஃப்ட்வுட் போட்ட செடி டேங்கில் கார்பன் வேண்டுமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, செடி வளர்க்கும் மீன் டேங்கில் ட்ரிஃப்ட்வுட் (அலங்கார மரக்கட்டை) வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. தண்ணீர் டீ டிக்காஷன் மாதிரி நிற்கிறது. மீனுக்கு ஆபத்தா?

பதில்: ஆபத்தில்லை. மரத்திலிருந்து இறங்கும் டானினும் ஹியூமிக் அமிலமும்தான் அந்த நிறம். கார்டினல் டெட்ரா மீன் பிறந்து வளரும் தென் அமெரிக்காவின் ரியோ நீக்ரோ ஆறே அந்த நிறத்தில்தான் ஓடுகிறது. பிஎச் (அமில-கார அளவு) சற்று இறங்கலாம். கேஎச் (பிஎச் இறங்காமல் தாங்கும் கார்பனேட் அளவு) குறைவான தண்ணீரில் அதிகம் இறங்கும், அதை மட்டும் கவனியுங்கள். பாதிப்பு செடிக்குத்தான்: தண்ணீர் கறுத்தால் வெளிச்சம் அடிமட்டம்வரை போகாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் தாங்கிவிடும், தரையில் படரும் கார்பெட் செடிகள் சோர்ந்துவிடும்.

கேள்வி: ஃபில்டரில் கார்பன் (நிறத்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கரி) போட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது, சில வாரத்தில் மறுபடி மஞ்சள். கார்பன் போலியா?

பதில்: போலி இல்லை, நிரம்பிவிட்டது. மரம் மாதக்கணக்கில் சாயம் விடும், கார்பனுக்கோ ஓர் அளவுக்குமேல் இடம் கிடையாது. சாதாரண டேங்கில் மூன்று நான்கு வாரம் உழைக்கும் கார்பன், புது மரம் உள்ள டேங்கில் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும்.

கார்பனின் வகையையும் பாருங்கள். டானின் பெரிய மூலக்கூறு. தேங்காய் ஓட்டுக் கார்பனில் பெரும்பாலும் மிக நுண்ணிய துளைகள், அவற்றுக்குள் டானின் எளிதில் நுழையாது. நிலக்கரியிலிருந்து செய்த கார்பனில் அகன்ற துளைகளும் இருப்பதால் நிறம் எடுக்க அதுவே மேல். கரித்தூள் போகும்வரை கழுவி, ஸ்பாஞ்சுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் அழுக்கு படிந்து துளைகள் அடைபடும்.

கேள்வி: நான் போடும் திரவ உரத்தை எல்லாம் கார்பன் உறிஞ்சிவிடும் என்கிறார்களே?

பதில்: பாதிதான் உண்மை. நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம் இவற்றைக் கார்பன் கிட்டத்தட்டத் தொடாது. கீலேட் செய்த (தண்ணீரில் கரைந்தே நிற்கும்படி செய்த) இரும்பிலும் சில நுண்சத்துகளிலும் ஒரு பங்கை எடுக்கலாம். புது இலைகள் வெளிறி வந்தால் இரும்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது கார்பனை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் அம்மோனியா ஏறியிருக்கும்போது போடலாமா?

பதில்: பயனில்லை. அம்மோனியாவையும் கார்பன் பிடிக்காது. தண்ணீர் மாற்றுங்கள்.

கேள்வி: மீனுக்கு மருந்து விடப் போகிறேன். கார்பன் இருக்கட்டுமா?

பதில்: முதலில் வெளியே எடுங்கள். மெத்திலீன் ப்ளூ, மாலகைட் க்ரீன் போன்றவற்றை உறிஞ்சிவிடும், மீனுக்கு மருந்து போய்ச் சேராது. சிகிச்சை முடிந்தபின் புதுக் கார்பன் போட்டால் மிச்ச மருந்து போய்விடும். கார்பன் மிக நன்றாகச் செய்யும் வேலை இதுதான்.

கேள்வி: மொத்தத்தில், என் டேங்கில் எப்போதும் கார்பன் இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஃபில்டரில் இடம் கொஞ்சம்தான், அதை பயோ மீடியாவுக்கு (நல்ல பாக்டீரியா குடியேறும் பொருளுக்கு) கொடுங்கள். மரத்தை டேங்கில் வைக்கும் முன்பே சாயத்தை இறக்கப் பாருங்கள். பாத்திரத்தில் அடங்கும் மரமென்றால் ஓரிரு மணி நேரம் கொதிக்க வைத்து, கறுத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி கொதிக்க வையுங்கள். பெரிய கட்டையை வாளியில் ஊறப்போட்டுத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். மொபானி மரம் பிடிவாதமாகச் சாயம் விடும், அதற்குக் கூடுதல் நாள் கொடுங்கள். பிறகும் வரும் நிறத்தை வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றிக் குறைக்கலாம். அதுவும் போதாவிட்டால் சில வாரங்களுக்குக் கார்பன் போட்டு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மரத்தின்மேல் வெள்ளையாக வழவழவென்று படர்கிறதே, கார்பன் போட்டால் போகுமா?

பதில்: போகாது. புது மரத்தில் வரும் பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. இறாலும் நத்தையும் மேய்ந்துவிடும், தானாகவும் அடங்கும்.

கேள்வி: பழைய கார்பனை ஓவனில் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: முடியாது. தொழிற்சாலையில் 800 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் நீராவி செலுத்தித்தான் அதைப் புதுப்பிக்கிறார்கள், வீட்டு ஓவன் அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஓய்ந்த கார்பனைத் தூக்கிப்போடுங்கள். ஆனால் பல மாதம் உள்ளேயே கிடந்ததென்றால் அதில் நல்ல பாக்டீரியா குடியேறியிருக்கும். அதை எடுக்கும் அன்றே ஸ்பாஞ்சையும் கழுவாதீர்கள்.